ஸ்டீரிங் சொல்லிக்கொடுத்த பாடம்: பின்னூட்டம் எவ்வளவு வேண்டும்?



இன்று நான் எழுதப்போவது இலக்கணமும் அன்று, இலக்கியமும் அன்று. கணினியில் கார்ப் பந்தயம் ஓட்டும் பிள்ளைகள் மேசையில் பூட்டி வைத்துக்கொள்கிறார்களே, அந்த ஸ்டீரிங்கைப் பற்றியது. "தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு இதில் என்ன வேலை?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். கடந்த ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு முன்பு யாராவது என்னிடம் இதைப்பற்றிப் பேச வந்திருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். கேட்டதோடு நில்லாமல், "போய்ப் புத்தகத்தை எடுத்துப் படி" என்றும் சொல்லியிருப்பேன்.

இப்பொழுது என் கருத்து மாறியிருக்கிறது. அந்தக் கருவியைச் சரிவர அமைப்பதற்கு என் மகன் பட்ட பாட்டிலிருந்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கற்பித்துவரும் நான் ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். அதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இவ்வெழுத்தின் நோக்கம்.

விடுமுறையில் நடந்தது

என் மகன் இரண்டாம் படிவம் முடித்திருந்தான். மூன்று தீபாவளிகளில் கிடைத்த அங்பாவ் பணத்தைச் சேர்த்து வைத்து, 600 ரிங்கிட்டுக்கு ஒரு பழைய ஸ்டீரிங்கை வாங்கி வந்தான். அவன் பணம், ஆகவே நான் தடுக்கவில்லை. ஆனால் மனத்திற்குள் எனக்கு உடன்பாடும் இல்லை.

மின்னிணைப்பைக் கொடுத்தவுடன் அது யாரும் தொடாமலே இடப்பக்கம் முழுவதும் சுற்றி, பின்னர் வலப்பக்கம் முழுவதும் சுற்றி, நடுவில் வந்து நின்றது. என் தாயார் பதறிப்போனார். "பாட்டி, அது தன்னோட எல்லையைத் தானே அளந்து பார்க்குது" என்று அவன் சொன்னான். அதுவரை எல்லாம் நன்றாகவே இருந்தது.

விளையாட்டைத் தொடங்கியபின்தான் தொல்லை. நேர்ச்சாலையில் கையை விட்டால் போதும், ஸ்டீரிங் இடமும் வலமுமாகப் பேய் பிடித்ததுபோல் ஆடியது. வளைவில் திருப்பினால் கல்லைப்போல் இறுகிக்கொண்டது. மேசை கடகடவென்று அதிர்ந்தது. எங்களுடையது தொடர்வீடு, சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டுக் கைக்குழந்தை உறங்கும் நேரம். மூன்றாம் நாள் இரவு நான் பொறுமையிழந்தேன்.

"இதுல காட்டுற அக்கறையைப் படிப்புல காட்டினா என்ன? நாளைக்கே இதை வித்துடு!"

அவன் ஒன்றும் பேசவில்லை. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு அறைக்குள் போய்விட்டான். அடுத்த இரண்டு நாள்களும் உணவு மேசையில் என்னோடு பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் "ஆமாம்", "இல்லை" என்றான். பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தெரியும், அந்த மௌனம் எவ்வளவு கனமானது என்று.

மூன்றாம் நாள், அவன் மேசையில் ஒரு பயிற்சிப் புத்தகத்தைக் கண்டேன். அதில் கோடு போட்டுக் கட்டங்கள் வரைந்து, எந்த அளவை எவ்வளவாக மாற்றினான், அதனால் என்ன நேர்ந்தது என்று தேதியிட்டு எழுதிவைத்திருந்தான். பள்ளிப் பாடத்திற்குக்கூட அவன் அவ்வளவு ஒழுங்காக எழுதி நான் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்று மாலையே, "தம்பி, அந்த ஸ்டீரிங்கைக் கொஞ்சம் அப்பாவுக்கு விளக்கிச் சொல்லு" என்று கேட்டேன்.

விசைப் பின்னூட்டம் என்றால் என்ன?

சாலையில் உண்மையான காரை ஓட்டும்போது நம் கைகளுக்கு ஓயாமல் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. காரைத் திருப்பும்போது சாலையைத் தொடும் டயரின் பகுதி சற்றே முறுக்கிக்கொள்கிறது. அங்கே பிறக்கும் பக்கவாட்டு விசை, சக்கரம் திரும்பும் அச்சுக்குச் சற்றுப் பின்னால் செயல்படுகிறது. ஆகவே அது சக்கரத்தை மீண்டும் நேராக்கப் பார்க்கிறது. வளைவில் ஸ்டீரிங் கனப்பதும், கையைத் தளர்த்தினால் அது தானே நடுவுக்குத் திரும்புவதும் இதனால்தான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வளைவில் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், டயரின் பிடிப்பு தன் எல்லையை நெருங்கும்போது, நேராக்கும் அந்த விசை முன்கூட்டியே குறையத் தொடங்கிவிடும். அதாவது டயர் முற்றிலும் வழுக்குவதற்குச் சற்று முன்பே ஸ்டீரிங் லேசாகிவிடும். அந்த லேசாகும் தன்மைதான் எச்சரிக்கை. தேர்ந்த ஓட்டுநர் அதைக் கையால் கேட்டு, வேகத்தைக் குறைத்துக்கொள்வார். கேளாதவர் சாலையை விட்டு வெளியே போவார்.

கணினி விளையாட்டில் உண்மையான டயர் இல்லை. எனவே மென்பொருள் அந்த விசையைக் கணக்கிட்டு, ஸ்டீரிங்குக்குள் இருக்கும் மின்னோடிக்குக் கட்டளை அனுப்புகிறது. மின்னோடி நம் கைக்கு எதிராகத் திருப்புகிறது. இதுவே விசைப் பின்னூட்டம். இது புதியதும் அன்று. 1989-இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'ஹார்ட் டிரைவிங்' என்னும் விளையாட்டுக்கூட இயந்திரத்திலேயே இவ்வசதி இருந்தது. 1997-இல் மைக்ரோசாஃப்ட்டின் டைரக்ட்எக்ஸ் 5 வந்தபின் வீட்டுக் கணினி விளையாட்டுகளும் இத்தகைய கட்டளைகளை அனுப்ப வழி பிறந்தது.

இன்று கிடைக்கும் ஸ்டீரிங்குகள் பல வகை. பல்சக்கரங்கள் வழியே விசையைக் கடத்துபவை, வார் வழியே கடத்துபவை, மின்னோடியின் தண்டிலேயே நேரடியாக வளையத்தைப் பொருத்தியவை எனப் பிரிக்கலாம். பலரும் அறிந்த லாஜிடெக் ஜி29 முதல் வகையைச் சேர்ந்தது. இத்தகைய தொடக்கநிலைக் கருவிகள் ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைத்தான் தரவல்லவை. வளையத்தின் விளிம்பில் ஒன்றரைக் கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரடி வகைகளில் 8 நியூட்டன் மீட்டரும் அதற்கு மேலும் தருபவை உண்டு. அங்கே அது ஐந்து கிலோ மூட்டையாகிவிடும்.

எல்லாம் நூற்றுக்கு நூறு

என் மகன் செய்த பிழை என்ன தெரியுமா? எல்லா அளவுகளையும் உச்சத்தில் வைத்துவிட்டான். "நிறைய விசை வந்தா நிறைய உணரலாம்னு நினைச்சேன் அப்பா" என்றான். பதின்ம வயதுப் பிள்ளைக்கு இது இயல்பான எண்ணமே. பெரியவர்களாகிய நாமும் அப்படித்தானே எண்ணுகிறோம்?

ஆனால் மின்னோடிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2 நியூட்டன் மீட்டர்தான் அதனால் முடியுமென்றால், மென்பொருள் 3 கேட்டாலும் 4 கேட்டாலும் 5 கேட்டாலும் அது கொடுப்பது அதே 2-தான். மேலே உள்ள ஏற்றத்தாழ்வு முழுவதும் கத்தரித்ததுபோல் வெட்டுப்பட்டுப் போகும். ஆங்கிலத்தில் இதைக் 'கிளிப்பிங்' என்கிறார்கள். நாங்கள் வீட்டில் 'உச்சிவெட்டு' என்று பெயரிட்டுக்கொண்டோம்.

திங்கட்கிழமைச் சபைகூடலை நினைத்துப் பாருங்கள். ஒலிபெருக்கியின் குமிழை மிகையாகத் திருகிவிட்டால் தலைமையாசிரியரின் குரல் திடலெங்கும் முழங்கும். ஆனால் சொல் புரியாது. ஓசை கூடியது, செய்தி குறைந்தது. உச்சிவெட்டும் அதுபோன்றதே. வளைவு முழுவதும் ஸ்டீரிங் ஒரே இறுக்கமாக இருக்கும். டயர் பிடியை இழக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் வரவேண்டிய லேசான மாற்றம் கைக்கு வந்து சேராது. வலிமை இருக்கிறது, எச்சரிக்கை இல்லை.

நேர்ச்சாலையில் அது பேயாட்டம் ஆடியதற்குக் காரணம் வேறு. பல்சக்கர வகைக் கருவியில், மிகச்சிறிய விசைகள் உள் உராய்வைத் தாண்டி வெளியே வருவதில்லை. அதை ஈடுசெய்யக் 'குறைந்தபட்ச விசை' என்று ஓர் அளவு இருக்கிறது. எவ்வளவு சிறிய கட்டளை வந்தாலும் அதை இவ்வளவுக்குக் குறையாமல் உயர்த்திக் கொடு என்பது அதன் பொருள். அதை அளவுக்கு மீறி வைத்துவிட்டால், நடுவிலிருந்து இம்மியளவு விலகினாலே மின்னோடி ஓங்கி ஓர் அடி அடிக்கும். வளையம் நடுவைத் தாண்டி மறுபக்கம் போகும். அங்கிருந்து இன்னோர் அடி. இப்படியே இடமும் வலமுமாக அடித்துக்கொண்டே இருக்கும். சிறு பிழைக்குப் பெருந்தண்டனை கொடுத்தால் நேர்வதும் இதுதான்!

நாங்கள் செய்த முறை

அடுத்த ஒரு வாரம் இரவு உணவுக்குப்பின் ஒரு மணி நேரம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தோம். அவன் ஓட்டினான், நான் புத்தகத்தில் எழுதினேன். இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி நிறுவனம் 2014-இல் வெளியிட்ட 'அசெட்டோ கோர்சா' என்னும் விளையாட்டை வைத்துத்தான் செய்தோம். வீட்டில் இத்தகைய கருவி வைத்திருக்கும் பெற்றோர்க்குப் பயன்படும் என்பதால் படிகளைத் தருகிறேன்.

1. முதலில் கருவிக்குரிய இயக்கி மென்பொருளை நிறுவி, கருவியின் உள்மென்பொருளையும் புதுப்பித்துக்கொண்டோம். கருவியை மேசையில் அசையாமல் இறுக்கினோம். மேசை ஆடினால் அந்த ஆட்டத்தையும் கை பின்னூட்டமாகவே எடுத்துக்கொள்ளும்.

2. சுழற்சிக் கோணத்தைச் சரிபார்த்தோம். எங்கள் கருவி 900 பாகை சுழலும். அதாவது ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இரண்டரைச் சுற்று. இயக்கி மென்பொருளிலும் விளையாட்டிலும் இந்த எண் ஒத்திருக்க வேண்டும். இல்லையெனில் நம் கை திருப்புவது ஒன்று, திரையில் கார் திரும்புவது வேறு என்றாகிவிடும்.

3. இயக்கி மென்பொருளில் உள்ள 'நடுநிலை வில்' என்னும் அமைப்பை நிறுத்தினோம். விசைப் பின்னூட்டம் இல்லாத விளையாட்டுகளுக்காக, வளையத்தைச் செயற்கையாக நடுவுக்கு இழுக்கும் அமைப்பு அது. அதை விட்டுவைத்தால் டயர் சொல்லும் செய்தியோடு இதுவும் கலந்துவிடும்.

4. சாலை அதிர்வு, ஓரக்கல் அதிர்வு, வழுக்கல் அதிர்வு என விளையாட்டு கூடுதலாகச் சேர்க்கும் விளைவுகளையெல்லாம் சுழியத்துக்குக் கொண்டுவந்தோம். முதலில் டயரின் குரலை மட்டும் கேட்போம். அலங்காரங்கள் பிறகு வரட்டும் என்பது எண்ணம்.

5. குறைந்தபட்ச விசையைச் சுழியத்திலிருந்து ஒவ்வொன்றாக உயர்த்தினோம். நடுவில் இருந்த 'செத்த இடம்' மறையும்வரை உயர்த்தி, கையை விட்டால் ஆடத் தொடங்கும் நிலைக்குச் சற்றுக் கீழே நிறுத்தினோம். எங்கள் கருவிக்கு அது நூற்றுக்கு 8 என்று அமைந்தது. முன்பு அவன் வைத்திருந்தது 25!

6. கடைசியாக மொத்த விசையின் அளவு. 'கெயின்' என்று திரையில் காட்டுவது இதைத்தான். விளையாட்டின் சிறு சாளரம் ஒன்றில் விசையைக் காட்டும் பட்டை ஒன்று இருக்கிறது. உச்சிவெட்டு நேரும்போது அது சிவப்பாகிவிடும். மோன்சா ஓடுபாதையின் பரபோலிக்கா என்னும் நீண்ட வலப்பக்க வளைவில் திரும்பத் திரும்ப ஓட்டி, அந்தப் பட்டை தொடர்ந்து சிவப்பாகாத அளவுக்குக் குறைத்துக்கொண்டே வந்தோம். ஓரக்கல்லில் ஏறும்போது ஒரு நொடி சிவந்தால் குற்றமில்லை. வளைவு முழுவதும் சிவந்திருந்தால்தான் குற்றம். எங்களுக்கு 70 பொருந்தியது. இது காருக்குக் கார் மாறும். கருவிக்குக் கருவி மாறும். ஆகவே பிறர் வைத்த எண்ணை அப்படியே படியெடுப்பதில் பயனில்லை.

இவ்வளவுக்கும் அடிப்படையாக நாங்கள் வைத்துக்கொண்ட விதி ஒன்றே: ஒரு நேரத்தில் ஓர் அளவை மட்டும் மாற்றவேண்டும், அதே கார், அதே ஓடுபாதை, அதே வளைவு. அறிவியல் ஆசிரியர்கள் இந்நேரம் புன்னகை செய்வார்கள். தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று நாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதி, மனனம் செய்யச் சொல்லும் அதே பாடம்தான்! பள்ளியில் அதை எழுதச் சொன்னால் மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுகிறவன் என் மகன். இங்கே, "அப்பா, காரை மாத்தாதீங்க, அப்புறம் எதனால மாறுச்சுன்னு தெரியாது" என்று எனக்கே அறிவுரை கூறினான்.

ஆறாம் நாள் மாலை, எங்கள் தெருவில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் ஏதோ வேலையாக வந்தார். பவர் ஸ்டீரிங் இல்லாத லாரிகளை இளமையில் ஓட்டியவர். வேடிக்கையாக உட்காரவைத்தோம். இரண்டு சுற்று ஓட்டிவிட்டு, பரபோலிக்காவின் நடுவில், "இந்தா, இங்க லேசாகுது பாரு. இதுக்கு மேல போனா வெளிய போயிடும்" என்றார். அவர் சொன்னபடியே அடுத்த சுற்றில் வேண்டுமென்றே வேகம் கூட்டினார். கார் வெளியே போனது. பின்பு என் மகனைப் பார்த்து, "இறுக்கிப் பிடிக்காதே தம்பி. கை கேக்கணும்" என்றார்.

அன்றுதான் என் மகனுக்கும் அந்த லேசாகும் தன்மை முதன்முதலாகக் கைக்குப் புலப்பட்டது. "அப்பா, கிடைச்சிருச்சு!" என்று கத்தினான். விசையை நூற்றிலிருந்து எழுபதுக்குக் குறைத்தபின்தான் அது கிடைத்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

சிவப்பு மை

இங்கேதான் எனக்கு உறைத்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் வகுப்பில் ஒரு மாணவன் இருக்கிறான். கடந்த ஆண்டு ஐந்தாம் ஆண்டில் படித்தான். ஆண்டுத் தொடக்கத்தில் ஒன்றரைப் பக்கம் கட்டுரை எழுதினான். கதை சொல்லும் ஆர்வம் உள்ள பிள்ளை, எழுத்துப்பிழைகள் மிகுதி. நான் கடமை தவறாத ஆசிரியன் அல்லவா? ஒற்றுப்பிழை, ரகர றகரப் பிழை, வாக்கியப் பிழை, நிறுத்தக்குறிப் பிழை என ஒன்றையும் விடாமல் சிவப்பு மையால் வட்டமிட்டேன். தாள் முழுவதும் சிவந்து போனது. அடுத்த கட்டுரை ஒரு பக்கமானது. அதற்கடுத்தது அரைப் பக்கம். ஆண்டிறுதியில் ஐந்து வரி எழுதி நீட்டினான். "பிழை குறைந்துவிட்டது" என்று நான் மகிழ்ந்தேன்! ஐந்து வரியில் எவ்வளவு பிழைதான் விட முடியும்?

நான் கொடுத்த பின்னூட்டம் அனைத்தும் உண்மையானது. ஒரு வட்டமும் தவறானதன்று. ஆனால் எல்லாமே உச்ச அளவில் ஒரே இறுக்கமாக அவனிடம் போய்ச் சேர்ந்தன. எது பெரிய பிழை, எது சிறிய பிழை, எங்கே நன்றாக எழுதினான், எங்கே தடுமாறினான் என்னும் ஏற்றத்தாழ்வு அவன் கைக்கு எட்டவே இல்லை. நான் உச்சிவெட்டு செய்துவிட்டேன். சிறு சறுக்கலுக்கும் ஓங்கி ஓர் அடி கொடுத்ததால் அவன் இடமும் வலமுமாக ஆடி, கடைசியில் மின்கம்பியைப் பிடுங்கிக்கொண்டான், என் மகனைப்போலவே.

நம் நாட்டில் வகுப்பறை மதிப்பீடு வந்தபின் நாமெல்லாரும் பின்னூட்டத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஆறு அடைவுநிலைகளைப் பிரித்துப் பதிவு செய்கிறோம். ஆனால் பதிவு செய்வது வேறு. அது பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர்வது வேறு. போய்ச் சேர்ந்தால்தான் அது பின்னூட்டம். இல்லையெனில் அது வெறும் ஓசை.

இவ்வாண்டு அந்த மாணவன் ஆறாம் ஆண்டுக்கு வந்திருக்கிறான். ஒரு கட்டுரைக்கு இரண்டு வகைப் பிழைகளை மட்டும் குறிக்கிறேன். நன்றாக அமைந்த ஒரு வாக்கியத்தின்கீழ் பென்சிலால் கோடிடுகிறேன். மற்றவற்றை அடுத்த கட்டுரைக்கு விட்டுவைக்கிறேன். ஒரு நேரத்தில் ஓர் அளவை மட்டும் மாற்றவேண்டும் என்னும் அதே விதிதான். அவன் திடீரென்று எழுத்தாளனாகிவிடவில்லை. றகரத்தில் இன்னும் தடுமாறுகிறான். ஆனால் கட்டுரை மீண்டும் ஒரு பக்கத்தைத் தாண்டியிருக்கிறது. சென்ற வாரம், "சார், இன்னும் ஒரு தாள் கிடைக்குமா?" என்று கேட்டான். எனக்கு அது போதும்.

"விளையாட்டுக்குச் சப்பைக்கட்டா?"

சில நண்பர்கள் இப்படிக் கேட்டுவிட்டார்கள். "பிள்ளைகள் நாள் முழுவதும் திரைமுன் கிடப்பதை நீங்களே ஊக்குவிப்பதா?" என்றார் ஒருவர். அவர் கவலை நியாயமானது. நானும் அதே கவலையோடுதான் தொடங்கினேன்.

என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கணினியில் ஓட்டுவது சாலையில் ஓட்டுவதாகிவிடாது. எங்கள் மேசையில் இருக்கும் கருவிக்கு உடல் உணரும் குலுக்கம் இல்லை. உயிர் பற்றிய அச்சம் இல்லை. எனவே இதைக் காட்டி, "என் பிள்ளை காரோட்டக் கற்றுக்கொண்டான்" என்று யாரும் பெருமைப்பட வேண்டாம். பள்ளி நாள்களில் எங்கள் வீட்டில் இதற்கு இடமில்லை. வார இறுதியில் ஒரு மணி நேரம் மட்டுமே.

செலவைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. ஸ்டீரிங் சரியாக இயங்கவில்லை என்றவுடன், அதைவிட விலையுயர்ந்த ஒன்றைக் கேட்டுப் பிள்ளைகள் நச்சரிப்பார்கள். பெரும்பாலும் கோளாறு கருவியில் இல்லை, அமைப்பில்தான் இருக்கிறது. பணம் கொடுக்குமுன் ஒரு வாரம் அமைப்பைச் சரிசெய்யச் சொல்லுங்கள். வலிமை மிகுந்த நேரடி வகைக் கருவியை வாங்கியே தீருவதென்றால், முதலில் விசையை மிகக் குறைவாக வைத்துப் பழகச் சொல்லுங்கள். வளையத்தின் குறுக்குக் கம்பிக்குள் கட்டைவிரலை நுழைத்துப் பிடிக்க விடாதீர்கள். கார் மோதும் கணத்தில் வளையம் வெடுக்கென்று சுழன்றால் விரலுக்குக் காயம் உண்டாகும். சிறு பிள்ளைகளிடம் அத்தகைய கருவியைத் தனியே விட்டுவிடக் கூடாது.

இவையெல்லாம் ஒருபுறம் இருக்க, நான் ஆதரிப்பது விளையாட்டை அன்று, அமைக்கும் வேலையை. பிறர் செய்து வைத்ததை நுகர்வதோடு நில்லாமல், அது எப்படி இயங்குகிறது, ஏன் சரியாக இயங்கவில்லை என்று தோண்டிப் பார்க்கும் மனம் நம் பிள்ளைகளுக்கு வாய்க்கவேண்டும் என்றுதானே நாம் வகுப்பில் மன்றாடுகிறோம்? அந்த மனம் வீட்டில் ஒரு மேசைமேல் வந்து உட்கார்ந்திருக்கும்போது, "அதை வித்துடு" என்று விரட்டியடிக்கலாமா?

இன்னொரு பயனும் கண்டேன். "ஸ்டீரிங் எப்படி இருக்கிறது?" என்று கேட்டபோது தொடக்கத்தில் என் மகனுக்கு "ஓகே", "ஓகே இல்லை" என்னும் இரண்டு சொற்களே இருந்தன. எழுதுவது நான், ஆகவே எனக்குப் புரியும்படி அவன் தமிழில் சொல்லியாக வேண்டியிருந்தது. கனக்கிறது, லேசாகிறது, நடுங்குகிறது, இழுக்கிறது, வழுக்குகிறது, தளர்கிறது, கரகரக்கிறது எனச் சொற்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. சொல் கிடைக்கக் கிடைக்க, அவன் உணர்வும் கூர்மையானது. நடுங்குவதும் கரகரப்பதும் வெவ்வேறு என்று தெரிந்தபின்தான், ஒன்று குறைந்தபட்ச விசையால் வருவது, மற்றொன்று சாலை அதிர்வால் வருவது என்று பிரித்தறிய முடிந்தது. தொழில்நுட்பம் பேசத் தாய்மொழி உதவாது என்று சொல்வோர்க்கு இதை விடையாக வைக்கிறேன்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்

உங்கள் பிள்ளை எதில் மூழ்கிக் கிடக்கிறதோ, அது ஸ்டீரிங்காக இருக்கலாம், மீன் தொட்டியாக இருக்கலாம், மிதிவண்டியின் கியராக இருக்கலாம், ஒருநாள் அருகில் அமர்ந்து, "எனக்கு விளக்கிச் சொல்" என்று கேளுங்கள். அறிவுரை கூற வேண்டாம், கேட்டால் போதும். கண்டிக்க வேண்டிய இடத்தில் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே உச்சத் தொனியில் கத்தினால், உண்மையிலேயே ஆபத்தான ஒன்றைப் பற்றி நாம் எச்சரிக்கும் நாளில் அந்தக் குரலில் எந்த வேறுபாடும் இராது. பிள்ளை எதை வைத்துப் புரிந்துகொள்ளும்?

ஆசிரியர் நண்பர்களுக்கும் இதையே சொல்வேன். அடுத்த முறை கட்டுரைப் புத்தகத்தைத் திறக்கும்போது, பட்டை சிவக்கிறதா என்று ஒரு கணம் பாருங்கள். சிவந்தால் சற்றுக் குறையுங்கள். குறைத்தால் தரம் தாழ்ந்துவிடும் என்று அஞ்ச வேண்டா. குறைத்தபின்தான் என் மகன் கை கேட்கத் தொடங்கியது. குறைத்தபின்தான் என் மாணவன் இன்னொரு தாள் கேட்டான்.

அந்த ஸ்டீரிங் விற்கப்படவில்லை. மேசையின் அடியில் பழைய ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறோம். அடுத்த வீட்டுக் குழந்தை நன்றாக உறங்குகிறது. என் மகனும் என்னோடு பேசுகிறான். சில வேளைகளில் நான் குரலை உயர்த்தினால், "அப்பா, கிளிப் ஆகுது" என்கிறான். நானும் சிரித்துக்கொண்டே எழுபதுக்கு இறங்கிவிடுகிறேன்.

சிந்திப்போம், செயல்படுவோம்.